தலைப்புள்ளி பார்த்துப் பிரிச்சேன், சேவலும் பெட்டையும் கலந்து கிடக்கு. அவசரம்!

கூண்டுக்காரன்:
அதே நாலு பார்டு ராக் (இறகுல கோடு போட்ட இனம்) பெட்டை, அதே இன்குபேட்டர். போன ஈட்டுல தலையில வெள்ளைப்புள்ளி இருந்தது அத்தனையும் சேவல், வெறுந்தலை எல்லாம் பெட்டை. இந்த ஈட்டுல 22 குஞ்சு. 16-க்குப் புள்ளி, 6-க்கு இல்ல. 7 வாரம் ஆச்சு, புள்ளி இருந்ததுல அஞ்சு பெட்டையாத் தெரியுது. என்ன தப்பு?

முட்டைப்பிரியன்:
அடை வைக்கும்போதே பார்த்திருக்கணும். கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை.

மேட்டுக்காடு:
சேவல் என்ன இனம்? எப்ப மாத்தினீங்க? பழைய சேவலோட விந்து பெட்டைக்குள்ள 2-3 வாரம் தங்கும்.

பண்ணை ஆசான்:
இதை எத்தனை தடவை எழுதறது தம்பி? பழைய இழையைப் படிச்சிட்டுக் கேக்கணும். இறகுல கோடு போடுற மரபணுதான் குஞ்சுத் தலையில புள்ளியும் வைக்கும். அது பாலினத்தைத் தீர்மானிக்கிற இசட் குரோமோசோம்ல இருக்கு. சேவலுக்கு ரெண்டு இசட். பெட்டைக்கு ஒரே இசட், அதை மகனுக்கு மட்டும் தரும். மகளோட இசட் அப்பன்கிட்ட இருந்து வரும். நீங்க கோட்டுச் சேவலை ஆர்.ஐ.ஆர் (ரோட் ஐலண்ட் ரெட், கோடு இல்லாத சிவப்பு இனம்) பெட்டை மேல விட்டிருப்பீங்க.

மேட்டுக்காடு:
பெட்டைதான் பார்டு ராக்னு முதல் வரியிலயே இருக்கே ஆசானே. நீங்க சொல்ற மாதிரின்னா 22-க்கும் புள்ளி வந்திருக்கணும்.

கிராமத்தான்:
இன்குபேட்டர் சூடு எவ்வளவு? கூடிப்போனா சேவல் அதிகமாகும்.

மேட்டுக்காடு:
சூட்டைப் பொறுத்து ஆண் பெண் மாறுறது ஆமைக்கும் முதலைக்கும். கோழிக்கு முட்டை இடும்போதே முடிஞ்ச விஷயம்.

முட்டைப்பிரியன்:
அப்போ முட்டை வடிவமும் முன்னாடியே முடிவாகுதே!

பண்ணை ஆசான்:
முட்டை வடிவம் தாய்க்கோழியைப் பொறுத்தது. குஞ்சைப் பொறுத்தது இல்ல.

கூண்டுக்காரன்:
மன்னிக்கணும், சொல்ல விட்டுட்டேன். போன ஈட்டுக்கு விட்டிருந்த ஆர்.ஐ.ஆர் சேவலைக் கீரி கொண்டுபோயிடுச்சு. போன ஈட்டுல வந்த கோட்டுச் சேவல்தான் இப்ப ஓடுது.

மேட்டுக்காடு:
அதான் விஷயம். அந்தச் சேவல்கிட்ட ஒரு இசட்ல கோடு உண்டு, இன்னொண்ணுல இல்ல. மகன்களுக்குத் தாய்கிட்ட இருந்து எப்படியும் கோடு வந்துடும், அதனால எல்லாத்துக்கும் புள்ளி. மகள்ல பாதிக்குப் புள்ளி, பாதி வெறுந்தலை. மொத்தத்துல முக்காவாசிக்குப் புள்ளி வரும், 22-ல 16, 6 சரியா இருக்கு. அதனால அந்த 6-ம் நிச்சயம் பெட்டை, வளையம் மாட்டிடுங்க. புள்ளி உள்ளதுல நிறம் வெளுத்தது சேவல், அதுக்கு ரெண்டு இசட்லயும் கோடு. கருத்ததைக் கொண்டை பார்த்துத்தான் பிரிக்கணும்.

அடுத்த ஈட்டுக்கு கோடு இல்லாத சுத்தமான ஆர்.ஐ.ஆர் சேவல் வாங்குங்க. வெள்ளை லெகார்ன் வேண்டாம், அந்த வெள்ளைக்கு அடியில கோடு ஒளிஞ்சிருக்கும். இப்ப இருக்கிற சேவலைப் பிரிச்சு 3 வாரம் கழிச்சு வர்ற முட்டையைத்தான் வைக்கணும். குஞ்சு உடம்பு காய்ஞ்சதும் வெளிச்சத்துல பின்னந்தலையைப் பாருங்க. நாலஞ்சு வெள்ளை மயிர் இருந்தாலும் புள்ளிதான். வயிறு ரெண்டுக்குமே வெளுப்பு, அதைக் கணக்குல எடுக்காதீங்க.

இறகுக்காரன்:
முதல் நாள் சிறகு பார்த்தாலே போதுமே?

பண்ணை ஆசான்:
தாய் மெதுவா இறகு விடுற வகை, தகப்பன் சீக்கிரம் விடுற வகையா இருக்கணும். இல்லேன்னா சிறகைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது.

கூண்டுக்காரன்:
6-க்கும் வளையம் மாட்டிட்டேன். சேவலைப் பிரிச்சாச்சு. நன்றிண்ணே.

முட்டைப்பிரியன்:
அந்த ஆறும் உருண்டை முட்டையில வந்ததான்னு பார்த்தீங்களா?