அப்பாரு தோட்டம் குழு, வியாழன் இரவு

வித்யா: பெரியப்பா, நாளைக்குக் கல்லூரியில் பேச்சுப்போட்டி. காட்டை அழித்து அதிகமாகக் கார்பன் விடும் நாடு எது என்று பேசணும். சீனா என்று எழுதிவிட்டேன், சரிதானே?

மயில்சாமி பெரியப்பா: தப்பு கண்ணு. நிலக்கரி, பெட்ரோல் கணக்கில்தான் சீனா முதலிடம். காடு, நிலக் கணக்கு வேறு. அதில் பிரேசில், இந்தோனேசியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சேர்ந்தாலே உலகத்தில் பாதிக்கு மேல். பிரேசிலில் மாட்டு மேய்ச்சலும் சோயாவும். இந்தோனேசியாவில் பாமாயிலுக்காகச் சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள், காய்ந்தபின் மண்ணே எரிகிறது. 2015இல் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. காங்கோவில் காட்டை எரித்து விதைப்பது, அப்புறம் அடுப்புக்கரி.

கோகிலா அத்தை: ஞாயிறு அப்பாவுக்குத் திதி. யாருக்காவது நினைப்பு இருக்கிறதா

செந்தில் சித்தப்பா: 11 மணிக்கு வந்துவிடுவோம் அக்கா

கோகிலா அத்தை: போன வருஷமும் 11தான். வந்தது இலை எடுக்கும்போது

வித்யா: இந்தியா எப்படி பெரியப்பா?

மயில்சாமி பெரியப்பா: நாம் ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கைப்படி 2020இல் நம் காடும் நிலமும் உள்ளே இழுத்தது சுமார் 52 கோடி டன் கரியமில வாயு. நாடு விட்டதில் 22 சதவீதம். ஆனால் எதைக் காடு என்கிறார்கள் என்று பார். 1 ஹெக்டேர் பரப்பு, அதில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால் போதும். தென்னந்தோப்பும் சேரும்.

செந்தில் சித்தப்பா: நம் 3 ஏக்கரும் காடா 😂

மயில்சாமி பெரியப்பா: 1 ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர்தானே. காடேதான்.

ஜெயந்தி சித்தி: அதனால்தான் மாமா இன்னும் பங்கு பிரிக்கவில்லையா? நாலாகப் பிரித்தால் ஆளுக்கு முக்கால் ஏக்கர், காடு போய்விடுமே

வித்யா: போகாது சித்தி, யார் பேரில் இருந்தாலும் ஒன்றுதான். செயற்கைக்கோள் படத்தில் பட்டா தெரியாது

செந்தில் சித்தப்பா: அதுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்

ஜெயந்தி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோகிலா அத்தை: என்ன நீக்கினாய் ஜெயந்தி

சக்தி (டொரண்டோ): கனடாவையும் சேர்த்துக்கொள் வித்யா. 2023இல் இங்கே காடு எரிந்த புகை நியூயார்க் வரை போனது. ஆனால் காட்டுத்தீ இயற்கை என்று தனியாக எழுதி வைப்பார்கள், மொத்தத்தில் சேர்க்க மாட்டார்கள்.

கோகிலா அத்தை: பாப்பாவுக்கு இருமல் நின்றதா சக்தி

மயில்சாமி பெரியப்பா: சக்தி சொல்வதுதான் விஷயம். தானாக வளரும் காடு உறிஞ்சுவதையும் "நாங்கள் பராமரிக்கும் காடு" என்று நாடுகள் தங்கள் வரவில் எழுதிக்கொள்கின்றன. விஞ்ஞானிகள் அதை மனிதன் செய்ததாக எடுப்பதில்லை. இரண்டு கணக்குக்கும் வருஷத்துக்குப் பல நூறு கோடி டன் வித்தியாசம்.

செந்தில் சித்தப்பா: தோப்புத் தேங்காய்க் கணக்கு மாதிரி

மயில்சாமி பெரியப்பா: அந்த நோட்டை ஞாயிறு எடுத்து வருகிறேன். பார்த்துக்கொள்.

வித்யா: சரி, பிரேசில் என்று மாற்றிவிட்டேன்

மயில்சாமி பெரியப்பா: அங்கேயும் குறைத்திருக்கிறார்கள் கண்ணு. அமேசானில் 2004இல் அழிந்தது 27,772 சதுர கிலோமீட்டர், 2024இல் 6,288.

வித்யா: ஐயோ, முடிவுரை போச்சு 😭

கோகிலா அத்தை: வாழை இலை யார் கொண்டு வருகிறீர்கள்?

செந்தில் சித்தப்பா: 👍

கோகிலா அத்தை: கட்டை விரல் இலைக்கா, நோட்டுக்கா?