பொருள்: வந்தேறிக் கெண்டை வேண்டாமே

அன்பின் ஐயா,

> இன்வேசிவ் கார்ப் = வந்தேறிக் கெண்டை, ஆக்கிரமிப்புக் கெண்டை

கலைச்சொல் பட்டியலுக்கு நீங்கள் அனுப்பிய இந்தத் தமிழ்ப் பெயர்கள் இரண்டுமே உறுத்துகின்றன. 'வந்தேறி' நம்மிடையே மனிதரை ஏசும் சொல்லாகிவிட்டது. அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான். பண்ணைக் குளங்களைச் சுத்தம் செய்ய 1970களில் கொண்டுவந்த வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் தப்பிப்போய் மிசிசிப்பி ஆற்றில் பெருகின. 'ஆசியக் கெண்டை' என்றே நெடுநாள் அழைத்தார்கள். அது ஆசியர்களைப் புண்படுத்துகிறது என்று மின்னசோட்டா மாநிலம் 2014இல் பெயரை 'இன்வேசிவ் கார்ப்' என்று மாற்றியது. அவர்கள் கழித்துப் போட்டதை நாம் எடுத்துப் பூட்டிக்கொள்வானேன்?

'ஆக்கிரமிப்பு' இன்னும் மோசம். 'ஏரி ஆக்கிரமிப்பு' என்றால் நம் ஊரில் எவருக்கும் மீன் நினைவுக்கு வராது. பட்டாவும் புல்டோசரும்தான் வரும்.

வெளியிலிருந்து வருவது வேறு, வந்த இடத்தில் பெருகி மற்றதை நெருக்குவது வேறு. முன்னதற்கு 'அயல்' போதும். 1939இல் இலங்கையிலிருந்து உதகைக்கு வந்த கண்ணாடிக் கெண்டை அயல் மீன். ஏன், ரோகுவும் கட்லாவும்கூடக் காவிரிக்கு அயல்தானே! பின்னதற்கு 'மண்டு' என்ற வினை இருக்கிறது. புதர் மண்டுகிறது, புகை மண்டுகிறது. ஆகவே இப்படிப் பெருகி நெருக்கும் இனம் மண்டினம், அப்படிப்பட்ட கெண்டை மண்டுகெண்டை. இலினாய் மாநிலம் 2022இல் இந்த மீனை உணவாக விற்க 'கோப்பி' என்று பெயர் வைத்தது. ஏராளம் என்று பொருள்படும் 'கோப்பியஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை நறுக்கி எடுத்த பெயர் அது. அங்கும் பிறந்த ஊரை விட்டுவிட்டுப் பெருக்கத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

---

அம்மா, மண்டினம் எனக்குச் சம்மதம். மண்டுகெண்டையைப் பள்ளிப் பிள்ளைகள் 'மக்கு மீன்' என்றல்லவா படிப்பார்கள்? 'மண்டும் கெண்டை' என்று பிரித்துவிடலாமே.

---

ஐயா, பிள்ளைகள் சிரித்தால் சொல் மனத்தில் நிற்கும். பிரித்தால் காலம் வந்து ஒட்டிக்கொள்கிறது. மிசிசிப்பியில் அது மண்டிய கெண்டை. வெள்ளியும் பெருந்தலையும் மிச்சிகன் ஏரியில் இன்னும் குடும்பம் நடத்தத் தொடங்கவில்லை. சிகாகோ அருகே கால்வாயில் மின்சாரத் தடுப்பு போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அது மண்டும் கெண்டை. ஊறுகாய் போல வினைத்தொகையாக விட்டால் முக்காலத்துக்கும் ஒரே சொல். பட்டியலில் 'மண்டுகெண்டை' என்றே ஏற்றுகிறேன். மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்குள் சொல்லுங்கள்.