உருவம் சரி, கோட்டு வரிசை தவறு என்கிறது செயலி – சீன எழுத்துப் பயிற்சியில் உதவி தேவை

இளவேனில்:
வணக்கம். எச்.எஸ்.கே. என்னும் சீன மொழித் திறன் தேர்வுக்காகச் சீன மொழி கற்று வருகிறேன். கைப்பேசிச் செயலியில் விரலால் எழுதிப் பழகும்போது சில எழுத்துகளை மட்டும் எப்போதும் சிவப்பில் காட்டித் தவறு என்கிறது. வயலைக் குறிக்கும் ‘தியென்’, அரசனைக் குறிக்கும் ‘வாங்’, வலப்பக்கத்தைக் குறிக்கும் ‘யோவ்’ ஆகியவை அவற்றுள் சில. எழுதி முடித்த உருவத்தில் ஒரு குறையும் இல்லை. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோட்டுக்குப் பிறகு நெடுக்கோடு என்ற விதிகளும் தெரியும். பயிற்சிப் புத்தகத்தில் எண் இட்டுக் காட்டியிருக்கும் வரிசையில்தான் எழுதுகிறேன். சிக்கல் செயலியிலா, புத்தகத்திலா?

மைக்கூடு:
‘தியென்’ எழுத்தின் பெட்டிக்குள் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும். அவற்றில் எதை முதலில் போடுகிறீர்கள்? புத்தகம் எந்த நாட்டுடையது?

இளவேனில்:
நெடுக்கோடுதான் முதலில். புத்தகம் காஞ்சி, அதாவது ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகளின் பயிற்சிக்கானது. அண்ணன் கொடுத்தது.

மைக்கூடு:
காரணம் கிடைத்துவிட்டது. புத்தகமும் சரி, செயலியும் சரி. இரண்டும் வெவ்வேறு நாட்டு வழக்கைப் பின்பற்றுகின்றன.

‘தியென்’ எழுத்துக்கு ஜப்பானில் பெட்டிக்குள் நெடுக்கோடு முதலில் வரும். சீனாவில் கிடைக்கோடு முதலில் வரும். பெட்டியின் அடிக்கோட்டை இரு நாட்டிலும் கடைசியில்தான் மூடுவார்கள். ‘வாங்’ எழுத ஜப்பானியர் மேற்கோடு போட்டதும் நெடுக்கோட்டை இறக்குவார்கள். சீனர்கள் மேலே இரண்டு கிடைக்கோடுகளை முடித்துவிட்டு, நெடுக்கோட்டை இறக்கி, அடிக்கோட்டால் தாங்குவார்கள். ‘யோவ்’ ஜப்பானில் இடப்புறம் சாயும் கோட்டில் தொடங்குகிறது, சீனாவில் கிடைக்கோட்டில்.

சீன அரசு 1997இல் 7000 எழுத்துகளுக்கு வரிசையை வரையறுத்தது. 2020இல் வந்த புதிய நெறி 8105 எழுத்துகளுக்கானது. தைவானுக்குத் தனிக் கையேடு உண்டு. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958இல் 881 எழுத்துகளுக்கு வழிகாட்டி வெளியிட்டபோது, அதில் இல்லாத வரிசைகளைத் தவறு என்று கொள்ளவில்லை என்பதையும் அதிலேயே தெளிவாக்கியது. ஆகவே உங்கள் அண்ணனின் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம். சீன மொழிக்கு மட்டும் சீன வரிசையில் எழுதுங்கள்.

வெள்ளாறு:
படிப்பவர்கள் முடிந்த எழுத்தைத்தானே பார்க்கிறார்கள்? வரிசைக்காக இவ்வளவு சிரமம் தேவையா?

மைக்கூடு:
தேவை என்றே உறுதியாகச் சொல்வேன். சீனர்கள் அன்றாடம் வேகமாக எழுதும்போது ஒரு கோட்டின் முடிவு அடுத்த கோட்டின் தொடக்கத்தோடு இணைந்துவிடும். எது எதோடு இணையும் என்பதை வரிசைதான் முடிவு செய்கிறது. அது கையில் படிந்திராவிட்டால் மற்றவர்களின் கையெழுத்தைப் படிப்பதும் கடினம்.

தூரிகை:
இதையொட்டி என் சந்தேகம். கைப்பேசியில் ஐந்து கோட்டு விசைகள் கொண்ட சீன விசைப்பலகை இருக்கிறது அல்லவா? அதில் ‘அடித்தல்’ என்னும் பொருளுள்ள ‘தா’ எழுத்து வரவே மாட்டேன் என்கிறது. வரிசை சரியாகத்தான் தெரியும்.

மைக்கூடு:
வரிசை தெரிந்தாலும் கோட்டின் வகை தெரிய வேண்டும். கிடை, நெடு, இடச்சாய்வு, புள்ளி, மடிப்பு என ஐந்தே வகை. கொக்கியோடு முடியும் நெடுக்கோட்டைப் பலர் மடிப்பு என்று எண்ணி அழுத்துகிறார்கள். அது நெடுக்கோட்டில்தான் சேரும். கீழிருந்து மேலே ஏறும் கோடு கிடையில் சேரும். வலப்புறம் சாய்ந்து இறங்கும் நீண்ட கோடு புள்ளியில் சேரும். எனவே ‘தா’வுக்குக் கிடை, நெடு, கிடை, கிடை, நெடு என்று அழுத்துங்கள்.

தூரிகை:
வந்துவிட்டது! மிக்க நன்றி ஐயா.

இளவேனில்:
எனக்கும் மூன்று எழுத்துகளும் சரியாகிவிட்டன, நன்றி. ‘கட்டாயம்’ என்னும் ‘பீ’ மட்டும் இன்னும் சிவப்பு.

மைக்கூடு:
அதுவும் இரு நாட்டிலும் வேறுபடும் எழுத்துதான். இதயத்தைக் குறிக்கும் ‘ஷின்’ எழுதத் தெரியுமா? அதன் முதல் மூன்றையும் அப்படியே போடுங்கள்: இடப்புள்ளி, வளைந்த கொக்கி, நடுப்புள்ளி. பிறகு இடப்புறம் சாயும் நீண்ட கோடு. வலப்புள்ளி கடைசியில்.