பொறையாறு வீடு குரூப்: பாப்பா போற ஸ்கூல்

ஞாயிறு

அண்ணன் (ஹாலே): எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு இந்த வருஷத்தோட நாலாங்கிளாஸ் முடியுது. இங்க ஜெர்மனில, ஹாலேல, நாலோட சின்ன ஸ்கூல் அவ்ளோதான், அஞ்சுலருந்து வேற ஸ்கூல் பாக்கணும். நேத்து ஒரு ஸ்கூல்ல யார் வேணா வந்து சுத்திப் பாக்கலாம்னு வச்சிருந்தாங்க, மூணு பேரும் போயிட்டு வந்தோம். பேரு லான்டஸ்கிம்னாசியும் லத்தீனா ஆகுஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கெ

அத்தை: பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மயிலாடுதுறை பஸ் போயிடும் போலருக்கே

நான்: 😂😂

தம்பி: கிம்னாசியும்னா ஜிம்மா

அண்ணன் (ஹாலே): இல்லடா, காலேஜ் போறதுக்கான லைன். நாலாவது முடியறப்ப டீச்சரே சொல்லுவாங்க இந்தப் புள்ள கிம்னாசியத்துக்குப் போலாம், இது வேற ஸ்கூலுக்குப் போகட்டும்னு. கிம்னாசியத்துல இந்த ஸ்டேட்ல 12 வரைக்கும் படிச்சு அபிட்டூர்னு ஒரு பரீட்சை எழுதினா யுனிவர்சிட்டி

அத்தை: பத்து வயசுலயே புள்ளைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பிரிச்சி விடுறதா, நல்லா இல்லையேடா இது

அண்ணி: எனக்கும் அதேதான் அத்தை. நடுவுல மாத்திக்கலாம்னுதான் சொல்றாங்க, ஆனா நம்ம மனசுக்கு ஒரு மாதிரியாதான் இருக்கு

பெரியப்பா: இருங்க இருங்க. ஃபிராங்கெயா? எந்த ஃபிராங்கெ? அனாதைப் பிள்ளைங்களுக்கு இல்லம் கட்டினாரே அந்த ஹாலே ஃபிராங்கெயா

அண்ணன் (ஹாலே): அவரேதான் பெரியப்பா. ஸ்கூலே அந்த இல்லத்து வளாகத்துக்குள்ளதான் இருக்கு. 1697-ல ஆரம்பிச்ச லத்தீன் பள்ளிக்கூடம்

பெரியப்பா: டேய். நாலு வருஷமா அந்த ஊர்ல இருக்க, இத இப்பதான் சொல்ற

பெரியப்பா: அந்த ஆளு இல்லைன்னா இங்க தரங்கம்பாடில அச்சுக்கூடமே இல்லடா. 1706-ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கினாரே, அனுப்பினது டென்மார்க் ராஜா, ஆனா ஆளு தேடிக் குடுத்தது, பணம் திரட்டினது, தமிழ் எழுத்து அச்சு வார்த்து அனுப்பினது எல்லாம் ஹாலேதான். வார்த்த எழுத்து ரொம்பப் பெருசா இருந்துச்சி, பேப்பர் பத்தல, அதனால இங்கயே சின்னதா ஈயத்துல வார்த்துக்கிட்டாங்க. பேப்பருக்கும் இங்கயே ஆலை வச்சாங்க, அந்த இடத்துக்கு கடுதாசிப்பட்டறைன்னு பேரு வந்தது அப்படித்தான்

நான்: அய்யோ கடுதாசிப்பட்டறை அதுவா!! நான் இவ்ளோ நாள் ஏதோ போஸ்ட் ஆபீஸ்னு நெனச்சேன்

தம்பி: அப்ப சீகன்பால்கு அந்த ஸ்கூல்ல படிச்சவரா

பெரியப்பா: இல்ல, ஹாலே யுனிவர்சிட்டில கொஞ்ச காலம். உடம்பு சரியில்லாம முடிக்காமயே விட்டுட்டார். ஸ்கூல் வேற யுனிவர்சிட்டி வேற, ஆனா ரெண்டுலயும் ஃபிராங்கெ இருந்தார்

அண்ணன் (ஹாலே): நேத்து சுத்திக்காட்டின அம்மா ஒரு கதை சொன்னாங்க. ஃபிராங்கெ ஹாலேக்கு வெளிய கிளாவுகான்னு ஒரு ஏழைக் குடியிருப்புல பாதிரியார். 1695-ல உண்டியல்ல யாரோ அந்தக் காலத்துக் காசுல 4 தாலர் 16 குரோஷன் போட்டிருந்தாங்களாம். இத வச்சி ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கலாம்னு உடனே 2 தாலருக்குப் புஸ்தகம் வாங்கி, ஏழை ஸ்டூடண்ட் ஒருத்தரை வாத்தியாரா வச்சிட்டார். பசங்க கிட்ட 27 புஸ்தகம் குடுத்தா திரும்பி வந்தது நாலுதான், மிச்சத்தை வித்துட்டாங்கன்னு சொல்றாங்க

அத்தை: அடப்பாவிங்களா 🤣

தம்பி: நம்ம ஸ்கூல் லைப்ரரிய விட பரவால்ல

அண்ணன் (ஹாலே): ஆனா மனுஷன் விடலையே. 1698-ல பெரிய இல்லத்துக்கு அடிக்கல் போட்டார். 1727-ல அவர் செத்தப்ப 2000 பிள்ளைங்களுக்கு மேல அங்க படிச்சிட்டிருந்தாங்க. எனக்குப் பிடிச்சது வாத்தியாருக்கு அவர் கண்டுபிடிச்ச வழிதான், சாப்பாட்டுக்கு வழியில்லாத யுனிவர்சிட்டி பசங்களைக் கூப்பிட்டு, தினம் ரெண்டு மணி நேரம் பாடம் நடத்து, சாப்பாடு இங்க இலவசம்னுட்டார். செலவுக்கு மருந்துக்கடை. இவங்க தயாரிச்ச மருந்து நாடு நாடாப் போய் வித்துது, பைபிளும் அச்சடிச்சு சல்லிசா வித்தாங்க

பெரியப்பா: அந்த வாத்தியார் பசங்களுக்கு 1707-ல தனியா பயிற்சியும் வச்சார். நல்லது சொல்லும்போது கெட்டதையும் சொல்லணும்ல, பிள்ளைங்க விளையாடவே கூடாதும்பார். பொழுது போகணும்னா கடைசல் வேலை பண்ணு, கண்ணாடி தேய், தோட்டத்துல செடி பாரு, அப்படி. பெரிய வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தனி ஸ்கூல், ஏழைங்களுக்குத் தனி. லத்தீனா இந்த ரெண்டுக்கும் நடுவுல, படிப்புல கெட்டியா இருக்கிற சாதாரண வீட்டுப் பையனை யுனிவர்சிட்டிக்குத் தயார் பண்ற இடம்

அத்தை: விளையாடக்கூடாதா?? பாப்பாவை அங்க சேக்காதீங்க

அண்ணி: அதெல்லாம் 300 வருஷம் முன்னாடி அத்தை 😄 நேத்து மைதானத்துல ஃபுட்பால்தான் ஆடிட்டிருந்தாங்க

அண்ணன் (ஹாலே): இப்ப அது கவர்ன்மெண்ட் ஸ்கூல், ஃபீஸ் கிடையாது. வெளியூர்ப் பிள்ளைங்க தங்க ஹாஸ்டல் இருக்கு, அதுக்குத்தான் பணம். ரெண்டு விஷயத்துக்குப் பேர் போன ஸ்கூல். ஒண்ணு பழைய மொழி, லத்தீன், கிரேக்கம். இன்னொண்ணு மியூசிக், அதுக்குப் பாடிக் காட்டணும் வாசிச்சுக் காட்டணும் டெஸ்ட் உண்டு. ஹாலே ஊர்ப் பாடகர் குழுன்னு ஒரு பழைய பையன்கள் குழு, அதுவும் 1808-லருந்து இந்த வளாகத்துலதான்

தம்பி: செத்த பாஷைய எதுக்கு பாப்பா படிக்கணும். கோடிங் சொல்லித் தர்ற ஸ்கூல் இல்லையா

பெரியப்பா: அந்தச் செத்த பாஷையாலதான்டா உன் பாஷைக்கு அங்க இலக்கணப் புஸ்தகம் வந்துச்சி. சீகன்பால்கு எழுதின தமிழ் இலக்கணம் 1716-ல ஹாலேல அந்த இல்லத்து அச்சகத்துலதான் அச்சாச்சு, எழுதினது லத்தீன்ல. அப்ப ஐரோப்பா பூரா படிச்சவன் வாசிக்கிற மொழி அதுதானே. இங்க வந்தப்ப அவர் பள்ளிக்கூடத்துப் பசங்களோட தரைல உக்காந்து மணல்ல அ ஆ எழுதிக் கத்துக்கிட்டவர். ஊருக்குப் போனப்ப மலையப்பன்னு நம்ம ஊர்ப் பையனைக் கூடவே கூட்டிட்டுப் போனார்

நான்: அப்ப பாப்பா முதல் ஆள் இல்ல 🙂

அண்ணி: பெரிய மாமா இது அவகிட்ட சொல்றேன், குதிப்பா

பெரியப்பா: சொல்லும்மா. ஆனா ஃபிராங்கெ மேல எனக்கு ஒரு கோபம் உண்டு, காலேஜ்ல படிச்ச காலத்துலருந்து. நம்ம சாமிங்களைப் பத்தி, எந்த ஊர்ல எந்த சாமி, எப்படிக் கும்பிடுறாங்கன்னு இங்க உள்ளவங்க கிட்ட கேட்டுக் கேட்டு சீகன்பால்கு 1713-ல ஒரு பெரிய புஸ்தகம் எழுதி அனுப்பினார். ஃபிராங்கெ அச்சுப்போட மாட்டேனுட்டார். உன்னை அனுப்பினது அங்க இருக்கிற சிலை வழிபாட்டை ஒழிக்க, அந்தக் குப்பையை இங்க பரப்ப இல்லன்னு. கடைசில 1867-ல சென்னைல அச்சாச்சு. 154 வருஷம் மூட்டைல கெடந்துச்சி

அண்ணன் (ஹாலே): இத சுத்திக்காட்டினவங்க சொல்லல

பெரியப்பா: அவங்களுக்கு ஸ்கூலைக் காட்டணும், அதைப் பத்தி ஏன் சொல்லப் போறாங்க. ஆனா அதே ஹாலேதான் தமிழங்க எழுதின 99 கடிதத்தை ஜெர்மன்ல போட்டுச்சி, 1714-லயும் 1717-லயும். மதம், கல்யாணம், வைத்தியம்னு மிஷனரிங்க கேள்வி கேட்டிருக்காங்க, நம்ம ஆளுங்க பதில் எழுதியிருக்காங்க, சில இடத்துல நல்லா சூடாவே. அதையும் மறைக்கல. அதனால முழுசாத் திட்டவும் முடியல

திங்கள்

அண்ணன் (ஹாலே): நேத்து ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. முன்னாடி இருக்கிற பெரிய கட்டடத்து உச்சியில ரெண்டு கழுகு சூரியனைப் பாத்துப் பறக்கிற மாதிரி இருக்கு. மாடில அந்தக் காலத்து அபூர்வப் பொருள் அறை, பிள்ளைங்களுக்குப் பாடம் காட்டச் சேத்து வச்சது, 18ஆம் நூற்றாண்டு அலமாரி அப்படியே இருக்கு. கூரைல ஒரு முதலை தொங்குது. அலமாரில தமிழ் ஓலைச்சுவடி

அத்தை: முதலையா

அண்ணன் (ஹாலே): பதம் பண்ணினது. பாப்பா அங்கயே நின்னுட்டா, வெளிய வரமாட்டேனு

தம்பி: கிழக்கு ஜெர்மனி கம்யூனிஸ்ட் காலத்துல இதெல்லாம் எப்படி தப்பிச்சிது

அண்ணன் (ஹாலே): 1946-ல அறக்கட்டளையையே கலைச்சு யுனிவர்சிட்டியோட சேத்துட்டாங்க. கட்டடத்துல வேற வேற படிப்பு நடந்துச்சி, தொழிலாளி விவசாயி வீட்டுப் பிள்ளைங்களை சோவியத் யூனியன்ல படிக்க அனுப்பத் தயார் பண்ற இடமும் இங்கதான். வீடெல்லாம் ஒழுகிப் பாழாப் போச்சு, பக்கத்துலயே ஒரு மேம்பாலத்தைக் கட்டி வச்சிட்டாங்க, இப்பவும் இரைச்சல் இருக்கு. ஜெர்மனி ஒண்ணானதுக்கு அப்புறம்தான் அறக்கட்டளை மறுபடி உயிர் வந்து ஒவ்வொரு வீடா சரி பண்ணாங்க

அத்தை: சரி பாப்பா என்ன சொல்றா அதச் சொல்லு

அண்ணி: மியூசிக் டெஸ்ட் எழுதறேன்னு சொல்றா. வயலின் மூணு வருஷமா கத்துக்கிறா, பாட்டுதான் கொஞ்சம் தயங்குறா. கிடைக்கலன்னா மொழிப் பிரிவு. ஒண்ணு மட்டும் அத்தை, அவ 1 வாங்கினான்னு போட்டா பயந்துடாதீங்க, இங்க 1 தான் முதல் மார்க், 6 ஃபெயில்

அத்தை: அப்ப உங்க வீட்டுக்காரர் இங்க படிச்சப்ப வாங்கினதெல்லாம் அங்க ரேங்க்தான் 😂

அண்ணன் (ஹாலே): அத்தை!!

பெரியப்பா: தம்பி, அந்த ஓலைய ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்

அண்ணன் (ஹாலே): கண்ணாடிக்கு உள்ள இருக்கு பெரியப்பா, சனிக்கிழமை எடுத்தது இருக்கு. அனுப்பறேன்

அண்ணன் (ஹாலே): 📷 போட்டோ

பெரியப்பா: லைட் அடிக்குதுடா. பழைய ஓலைல புள்ளி வேற இருக்காது, க வா க்-கான்னு நாமதான் ஊகிக்கணும். அரைமணி நேரமா லென்ஸ் வச்சிப் பாக்குறேன், ரெண்டு எழுத்துதான் பிடிபட்டுச்சி

பெரியப்பா: பாப்பா டெஸ்டுக்குப் போற அன்னிக்கு மறுபடி மாடிக்கு ஏறு. கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நின்னு, ஃபிளாஷ் போடாம, முதல் ஓலை மட்டும்