பேராசிரியர் அ. துரைராஜாவின் ஆய்வை நினைவு நாளில் எப்படி விளக்கலாம்?

குடிசார்_மூன்றாம்வருடம்
ஜூன் 11 பேராசிரியர் அழகையா துரைராஜாவின் நினைவு நாள். சைக்கிளில் வந்த துணைவேந்தர், எளிமையானவர், வீட்டாரில் உயிராய் இருந்தவர் என்று ஒவ்வொரு வருடமும் பேசுகிறோம். மண் பொறியியலில் அவர் கண்டறிந்தது என்ன என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இம்முறை 20 நிமிட உரையும், டிரையாக்ஸியல் (மண் உருளையைச் சுற்றிலும் அழுத்தி மேலிருந்து நசுக்கும் சோதனை) தரவை வைத்து ஒரு கணிப்பும் வைக்க விருப்பம். களிமண்ணின் நடத்தையைக் கணிக்கும் காம் கிளே என்ற கணித மாதிரியில் அவருடைய பங்கு எது?

களிமண்காரன்
ஆற்றல் கணக்குத்தான் அவருடைய பங்கு. உரையை அதிலிருந்தே தொடங்குங்கள்.

கேம்பிரிட்ஜில் ரோஸ்கோவின் குழுவில் கயோலின் களிமண்ணையும் மணலையும் சோதித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மண்ணை நசுக்கும்போது நாம் கொடுக்கும் வேலையில் ஒரு பகுதி மீள்தன்மையாகச் சேமிக்கப்படும், மிச்சம் உராய்வில் போய்விடும். அந்த மிச்சத்தை அவர் கணக்கிட்டுப் பார்த்தார். கன அளவு சுருங்கினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி, அது ஒரே வடிவில் வந்தது: இழப்பு = எம் × சராசரி பயன் அழுத்தம் × வெட்டுத் திரிபு. எம் என்பது அந்த மண்ணுக்கே உரிய உராய்வு மாறிலி; பயன் அழுத்தம் என்பது துளைநீர் தாங்குவது போக மண் துகள்கள் தாங்கும் அழுத்தம்; வெட்டுத் திரிபு என்பது மண் சறுக்கி உருமாறும் அளவு. இந்த ஒரு வரியோடு செங்குத்து விதியைச் (மீளாத திரிபின் திசை விளைவு வளைகோட்டுக்குச் செங்குத்து என்பது) சேர்த்துத் தொகையிட்டால் காம் கிளேயின் விளைவு வளைகோடு, அதாவது மண் மீளாமல் உருமாறத் தொடங்கும் எல்லை, வந்துவிடும். 1963இல் ஜியோடெக்னிக் இதழில் வெளிவந்த கட்டுரையில் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா என்று மூன்று பெயர்கள் இருப்பதன் காரணம் இதுதான். பாடப் புத்தகங்களில் மூன்றாவது பெயர் அடிக்கடி விடுபடுவது பெரிய அநியாயம்.

கணிப்பில் மாணவர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வடிகால் மூடிய (மண்ணிலிருந்து நீர் வெளியேற விடாத) சோதனையில் கன அளவு மாறவில்லைதானே என்று, கொடுத்த வேலை முழுவதையும் இழப்பாக எழுதிவிடுவார்கள். அது பிழை. பயன் அழுத்தம் குறையக் குறைய மண்ணின் மீள்தன்மைப் பகுதி விரிந்து, சேமித்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. ஒவ்வொரு படியிலும் (காப்பா ÷ தற்கனம்) × அழுத்தக் குறைவு என்ற அளவைக் கூட்ட வேண்டும். காப்பா என்பது அழுத்தம் குறையும்போது மண் மீளும் சரிவு, தற்கனம் என்பது மண்ணின் மொத்தக் கன அளவு ÷ துகள்களின் கன அளவு. கூட்டாவிட்டால் எம் தொடக்கத்தில் சிறிதாக வந்து, பிறகு மெல்ல ஏறுவதுபோலத் தெரியும். கூட்டினால் கிட்டத்தட்ட நேர்கோடு. இரண்டு கோட்டையும் ஒரே தாளில் போட்டுக் காட்டுங்கள், அவர் என்ன கண்டார் என்பது பார்த்த உடனே விளங்கும்.

ஆய்வுகூடம்
மேலே சொன்ன வரைபடம் நல்ல தரவு இருந்தால்தான் வரும். மண் உருளைக்கு 38 மில்லிமீட்டர் விட்டம், 76 மில்லிமீட்டர் உயரம் போதும். முதலில் நிறைவுறுதலை (துளைகள் முழுவதும் நீரால் நிரம்பியிருப்பதை) பாருங்கள்: வடிகாலை மூடி, கல அழுத்தத்தை (உருளையைச் சுற்றிய நீரின் அழுத்தத்தை) 50 கிலோபாஸ்கல் கூட்டினால் துளைநீர் அழுத்தம் குறைந்தது 47.5 ஏற வேண்டும். ஏறாவிட்டால் உள்ளே காற்று இருக்கிறது. பின்னழுத்தத்தை (துளைநீருக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தத்தை) கூட்டி, பொறுத்திருந்து, திரும்பப் பாருங்கள். அவசரப்பட்டு விட்டால் துளைநீர் அழுத்தம் குறைவாகக் காட்டும், பயன் அழுத்தம் முழுவதும் பிழைத்துவிடும்.

அடுத்தது வேகம். களிமண்ணை வேகமாக நசுக்கினால், அடியில் அளக்கும் துளைநீர் அழுத்தமும் நடுவில் இருப்பதும் ஒன்றாகாது.

பரப்புத் திருத்தத்தையும் மறக்க வேண்டாம். வடிகால் மூடிய சோதனையில் 20 சதவீத அச்சுத் திரிபில் பரப்பு 1.25 மடங்காகிவிடும். பழைய பரப்பாலேயே வகுத்தால் விலகல் தகைப்பு (மேலிருந்து வரும் தகைப்புக்கும் பக்கத் தகைப்புக்கும் உள்ள வித்தியாசம்) 25 சதவீதம் கூடிப்போகும், எம் மதிப்பும் கூடவே கெட்டுவிடும்.

வடமராட்சி
வாழ்க்கைப் பகுதிக்குச் சில குறிப்புகள். 1934இல் பிறந்தவர், ஹாட்லிக் கல்லூரி மாணவர். கேம்பிரிட்ஜுக்குப் பிறகு பேராதனையில் குடிசார் பொறியியல் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்தார். அந்தக் கட்டுரைக்குப் பிறகு உலகில் எங்கே கேட்டிருந்தாலும் வேலை கிடைத்திருக்கும். அவரோ 1988இல், போருக்கு நடுவே, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வந்தார். சைக்கிள் கதையைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வடக்கில் எரிபொருள் இல்லாத காலம் அது. மறைந்தது 1994. பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்க மேலும் 20 வருடம், 2014 வரை, ஆனது.

வீட்டு வாழ்க்கையை நீங்கள் பேச வேண்டாம். அவரோடு வாழ்ந்தவர்களிடம் 5 நிமிடம் கேட்டு வாங்குங்கள். செவிவழிச் செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அப்பா ஒருவர் சிலையாகிப் போவார்.

குடிசார்_மூன்றாம்வருடம்
மிக்க நன்றி. மாதிரியின் குறையையும் சொல்லலாமா? நினைவு நாளில் அது சரியாயிருக்குமா?

களிமண்காரன்
கட்டாயம் சொல்லுங்கள், ஆய்வாளருக்குச் செய்யும் மரியாதையே அதுதான். விளைவு வளைகோட்டின் நுனியில் ஒரு கூர்முனை இருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினாலும் மண் வெட்டுத் திரிபு அடையும் என்று மாதிரி சொல்லும், அது பொருந்தாது. ரோஸ்கோவும் பர்லண்டும் 1968இல் நீள்வட்டமாக மாற்றியது இதனால்தான். ஆனால் நீள்வட்டமே எப்போதும் மேல் என்றும் சொல்லிவிடாதீர்கள். கயோலினுக்கு எம் 1.02, லாம்டா (அழுத்தம் கூடும்போது மண் இறுகும் சரிவு) 0.26, காப்பா 0.05 என்று வைத்து, 200 கிலோபாஸ்கலில் இயல்பாக இறுகிய (இதைவிடக் கூடிய அழுத்தத்தை முன்பு தாங்காத) மண் உருளைக்கு வடிகாலற்ற வலிமையை, அதாவது வடிகால் மூடிய நிலையில் மண் தாங்கும் வெட்டு வலிமையைக் கணியுங்கள். பழைய காம் கிளே ஏறத்தாழ 45 கிலோபாஸ்கல் தரும், திருத்தியது 58. உங்கள் ஆய்வுகூட அளவை இரண்டுக்கும் பக்கத்தில் எழுதிவைத்து, எது கிட்ட வருகிறது என்று மாணவரையே சொல்லவிடுங்கள்.