28 ஃபிரேம், கியர் சைக்கிள் பின்வீல்: செயின் கழல்கிறது, அவசர உதவி

காயலான்குட்டி:
எல்லாருக்கும் வணக்கம். காயலாங்கடையில் பொறுக்கிய சாமான்களை வைத்து ஒரு சைக்கிள் கட்டியிருக்கிறேன். தெருவில் நன்றாகத்தான் ஓடுகிறது. பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் மட்டும் செயின் கழன்றுவிடுகிறது. இறுக்கிப் பார்த்தேன், பலனில்லை. ஞாயிறு காலை நண்பர்களோடு கிளம்ப வேண்டும். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

ஸ்பேனர்12:
என்ன ஃபிரேம்? கியர் உண்டா? செயின் புதுசா பழசா? கழல்வது முன்பக்கமா, பின்சக்கரத்தின் பற்சக்கரமான ஃப்ரீவீல் பக்கமா? போட்டோ போட்டால் நல்லது. இது எதுவும் தெரியாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

காட்டர்மணி:
கண்ணை மூடிக்கொண்டு காட்டர் பின்னைப் பாருங்கள், கிராங்கை (பெடல் தண்டை) அச்சோடு இறுக்கும் ஆணி அது. பழைய வண்டியில் பத்தில் எட்டுக் கோளாறு அங்கேதான். ஒரு பக்கக் கிராங்கை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை ஆட்டுங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பின் தேய்ந்திருக்கிறது.

ஸ்பேனர்12:
மணி அண்ணா, காட்டர் பின் தேய்ந்தால் பெடல் ஆடும், சத்தம் வரும். செயின் எதற்குக் கழல வேண்டும்?

காட்டர்மணி:
நாங்கள் பார்க்காததா தம்பி. எதற்கும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஓல்டு மாடல்:
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ஃபிரேமை ஒரு வண்டியிலும் சக்கரத்தை இன்னொன்றிலும் எடுத்துவிட்டு, அளவு நாடாவைத் தொடாமலே மாட்டிவிடுவது. சைக்கிள் கட்டுவது என்றால் முதலில் அளக்க வேண்டும், அப்புறம்தான் ஸ்பேனர். ஃபிரேமில் பின்சக்கரம் உட்காரும் பின்கவையின் உள்ளளவு எவ்வளவு, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அகலம் எவ்வளவு, இந்த இரண்டு எண்களையும் எழுதுங்கள். பிறகு பேசலாம்.

காயலான்குட்டி:
ஃபிரேம் கம்பி பிரேக் வைத்த பழைய 28 இன்ச் வண்டி, பார் உள்ளது. பின்வீல் ஒரு 26 இன்ச் கியர் சைக்கிளுடையது. கியர் அடுக்கைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃப்ரீவீல் 18 பல் போட்டேன், முன்னால் 44 பல். செயின் பழைய வண்டியின் அகலச் செயின். பின்பக்கம்தான் கழல்கிறது. பின்கவை 11 சென்டி, ஹப் 13.5 சென்டி. கையால் விரித்துத்தான் உள்ளே நுழைத்தேன். காட்டர் பின் நன்றாக இருக்கிறது.

ஆற்றுப்பாலம்:
இப்போது புரிகிறது. கியர் ஹப்பில் வலப்பக்கம் ஆறேழு பற்சக்கர அடுக்குக்கு இடம் விட்டிருப்பார்கள். அங்கே ஒற்றை ஃப்ரீவீலைத் திருகினால் அது ஹப்பை ஒட்டி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். முன் பற்சக்கரமோ வெளியே நிற்கிறது. செயின் கோணலாக ஓடும். மெதுவாக மிதித்தால் தெரியாது, அழுத்தி மிதித்தால் கழலும்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். அல்லது முன் பற்சக்கரத்தின் மீது நீளமான இரும்பு ஸ்கேலை வைத்துப் பின்னோக்கி நீட்டுங்கள். அது ஃப்ரீவீல் பல்லுக்கு வெளியே போனால் அதுதான் கோளாறு. ஆக்சிலில் (சக்கர அச்சில்) வலப்பக்கம், பால்ஸைப் பிடிக்கும் கோனுக்கும் வெளி நட்டுக்கும் நடுவே தடித்த வாஷர் இருக்கும். அதைக் கழற்றி இடப்பக்கம் போடுங்கள். ஹப் வலப்பக்கம் நகரும்.

ஓல்டு மாடல்:
பாதி சரி. இடப்பக்கம் ஏன் போட வேண்டும்? கியர்தான் இல்லையே, அந்த வாஷரை எடுத்தே விடலாம். ஹப் 13.5-லிருந்து 11.5 பக்கம் வந்துவிடும், கவையை இவ்வளவு விரிக்கும் வேலையும் இல்லை. ஃப்ரீவீல் ஃபிரேமில் உரசாத அளவுக்கு மட்டும் இடம் விடவும். உள்ளே துளையுள்ள குயிக் ரிலீஸ் ஆக்சில் என்றால் கெட்டி ஆக்சிலாக மாற்ற வேண்டும்.

இதோடு முடியாது. ஹப் வலப்பக்கம் போனால் ரிம்மும் கூடவே போகும். வலப்பக்கப் போக்ஸ் கம்பிகளைச் சிறிது தளர்த்தி, இடப்பக்கத்தை இறுக்கி, ரிம்மை நடுவுக்குக் கொண்டு வர வேண்டும். ஒரே சுற்றில் முடிக்காமல் கால் திருப்பு, கால் திருப்பாக நாலைந்து சுற்று. இப்படி ரிம்மை நேராக்கிக் கோட்டம் எடுக்கத் தெரியாவிட்டால் கடையில் கொடுத்துவிடுங்கள்.

ரிம்கோட்டம்:
விரித்த கவை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கக் கவையில் நூலைக் கட்டி, ஹேண்டில் கழுத்தைச் சுற்றி, மறுபக்கக் கவையில் இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரும்பு ஃபிரேம் என்பதால் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்தில் இந்த வேலையை நினைத்தும் பார்க்காதீர்கள்.

புளியமரத்தடி:
எதற்கு இவ்வளவு பாடு? பழைய 28 ரிம்மிலேயே இந்த ஹப்பைக் கட்டிவிட்டால் ஆச்சு.

ரிம்கோட்டம்:
பழைய வண்டியின் பின் ரிம்மில் 40 ஓட்டை, முன் ரிம்மில் 32. கியர் ஹப்பில் பெரும்பாலும் 36. எப்படிக் கட்டுவீர்கள்?

புளியமரத்தடி:
36 ஓட்டையில் 28 ரிம் தேடி வாங்கலாமே. இல்லையென்றால் 26 ரிம்மே இருக்கட்டும், 26 டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஸ்பேனர்12:
எந்த 26? கியர் சைக்கிளின் 26 வேறு, 26 x 1⅜ வேறு. முன்னதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மில்லி, பின்னது 590. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. 28-லும் அப்படித்தான், நம்ம ஊர் 28 x 1½ என்பது 635, 28 என்றே விற்கும் 700சி என்பது 622. டயர் ஓரத்தில் 40-635 என்பது போல அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

புளியமரத்தடி:
கடைக்காரர் அதெல்லாம் பார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் சைக்கிள் என்றால் 28, சின்னப் பிள்ளைக்கு 20, அவ்வளவுதான். இப்போது வரும் வண்டிகளில் ஆயிரம் அளவு, மூன்று வருடத்தில் துரு.

காட்டர்மணி:
சரியாகச் சொன்னீர்கள். அந்த இரும்பு இப்போது ஏது.

ஸ்பேனர்12:
அந்த இரும்பும் துருப்பிடித்ததால்தான் காயலாங்கடைக்கு வந்தது. எடை தெரியுமா? 20 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். பாலம் ஏற எழுந்து நின்று மிதிப்பது வேறு எதனால்?

புளியமரத்தடி:
அதில் மூன்று மூட்டை நெல் ஏற்றிய ஊர் இது. உங்கள் கியர் வண்டியில் கேரியராவது உண்டா?

ஓல்டு மாடல்:
இரும்புப் புராணத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள்.

ஆற்றுப்பாலம்:
ஒரு சந்தேகம். கம்பி பிரேக் கட்டை ரிம்மின் உட்பக்கத்தைப் பிடிப்பது. 635 ரிம் இருந்த இடத்தில் 559 என்றால், ஒவ்வொரு பக்கமும் 38 மில்லி இடைவெளி. கட்டை ரிம்மைத் தொடவே தொடாது. தம்பி, பின்னால் என்ன பிரேக் வைத்திருக்கிறீர்கள்?

ஸ்பேனர்12:
நல்ல கேள்வி. பின்பக்கம் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் தாழ்ந்தும் இருக்கும். வளைவில் சாய்ந்தபடி மிதித்தால் பெடல் தரையில் தட்டும், ஜாக்கிரதை.

காயலான்குட்டி:
வாஷரை எடுத்துவிட்டேன். கடை அண்ணன் ரிம்மை நடுவுக்குக் கொண்டு வந்து கொடுத்தார். பாலம் ஏறிப் பார்த்தேன், செயின் கழலவில்லை. ஓல்டு மாடல் சார், ஆற்றுப்பாலம் அண்ணா, இருவருக்கும் நன்றி.

ஓல்டு மாடல்:
நல்லது. அடுத்த முறை அளந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆற்றுப்பாலம்:
பாலம் ஏறியது சரி. இறங்கும்போது எதைப் பிடித்து நிறுத்தினீர்கள்? பின் பிரேக் பற்றி இன்னும் சொல்லவில்லையே.

ஸ்பேனர்12:
ஞாயிறு போய்த் திங்களும் வந்துவிட்டது. தம்பி?

காட்டர்மணி:
காட்டர் பின்னைப் பார்த்தாரா இல்லையா, அதையும் யாராவது கேளுங்கள்.

ஸ்பேனர்12:
மேலே எழுதியிருக்கிறாரே அண்ணா, நன்றாக இருக்கிறதாம்.