ஒளியின் அழுத்தம் எதிரொளிப்பானை வானில் தாங்குமா?

வானோக்கி: 1960 ஆகஸ்டில் நாசா ஏவிய எக்கோ 1, அலுமினியம் பூசிய மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன 30 மீட்டர் பலூன். சுமார் 1,600 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பியது. சூரிய ஒளியின் அழுத்தம் அதன் பாதையையே மாற்றியது. அதே அழுத்தத்தால் ஒரு படலத்தைச் சுற்றவிடாமல் நிறுத்தி வைத்தால் என்ன?

சுந்தரி: தள்ளுவது வேறு, தாங்குவது வேறு. முழுதும் பிரதிபலிக்கும் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் விசை 9 மைக்ரோநியூட்டன். அந்த உயரத்தில் அது தூக்குவது ஒன்றரை மில்லிகிராம். எக்கோவின் மைலாரோ சதுர மீட்டருக்கு 17 கிராம்! சுற்றியதால்தான் அது விழவில்லை.

வானோக்கி: ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் படலமான கிராஃபீன் சதுர மீட்டருக்கு 0.77 மில்லிகிராம்தானே?

சுந்தரி: அது 97 சதவீத ஒளியை அப்படியே விட்டுவிடும். பிறகு எது தாங்கும்?

பரிதி: தரையிலிருந்து ஒளிக்கற்றையை அனுப்பினாலும் கதை அதேதான். ஒரு கிலோவைத் தாங்க 150 கோடி வாட் வேண்டும், ஏறக்குறைய ஒரு பெரிய அணு உலையின் முழு மின்சாரம். 1964இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் பிரௌன் மைக்ரோவேவ் கற்றையால் ஒரு சிறிய ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார். அழுத்தத்தை நம்பவில்லை, கற்றையை மின்சாரமாக்கிச் சுழலியை ஓட்டினார். உயரத்தில் நிற்க அதுதான் வழி.

வானோக்கி: சரி, பூமிக்கு அருகே வேண்டாம். இயற்பியலாளர் ராபர்ட் ஃபார்வர்ட் சொன்ன ஸ்டேட்டைட், அதாவது சுற்றாமல் ஒளியின் அழுத்தத்தால் நிற்கும் பாய், துருவத்துக்கு மேலே பல லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும். அங்கே ஈர்ப்பு மிகக் குறைவு. ஒளியின் அழுத்தத்தால் நகரும் ஒளிப்பாய் கனவும் அல்ல, 2010இல் ஜப்பானின் இகாரோஸ் விண்கலம் செய்து காட்டியது. 81 டிகிரி அட்சரேகைக்கு அப்பால், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடுகின்றன. அங்கிருப்பவர்களுக்கு என்ன வழி?

சுந்தரி: மோல்னியா, சோவியத் செயற்கைக்கோள்களின் பாதை. 1965 முதல் அந்த நீள்வட்டப் பாதை வடக்கே வேலை செய்கிறது. உங்கள் பாய் 10 லட்சம் கி.மீ. தள்ளி நின்றால் ஒரு வார்த்தை போய்ச்சேரவே 6 வினாடிக்கு மேல். அப்புறம், தொலைவு இருமடங்கானால் எதிரொளித்து வரும் அலை பதினாறில் ஒன்றாகிவிடும்.

வானோக்கி: மோல்னியாவில் ஒரு செயற்கைக்கோள் இறங்கும்போது இன்னொன்று ஏற வேண்டும். பனிக்கடல் மிதவைகளின் அளவீட்டுக்கு 6 வினாடி தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

சுந்தரி: தாமதம் சரி. மிதவையின் பேட்டரியில் இருந்து வரும் அலை 10 லட்சம் கி.மீ. போய்த் திரும்பினால் எதுவும் மிஞ்சாது. பாயில் அலையை வாங்கிப் பெருக்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் வையுங்கள், பேசலாம். வெறும் எதிரொளிப்பான் என்றால் நான் எதிர்ப்புதான்.